கக்கத்தில் ஒரு துண்டு

பிசியோதெரபி கிளினிக்கின் அந்தக் கண்ணாடி அறையைத் துடைக்க அவளுக்குக் கொடுத்திருந்த நேரம் கொஞ்சம்தான். வாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை துடைக்க வேண்டும், சத்தமில்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். சிகிச்சை நடக்கிற நேரத்தில் சுத்தம் செய்கிற ஆள் உள்ளே நின்றால் வருகிறவர்களுக்குப் பிடிக்காது என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே வரவேற்பு மேசைப் பெண் சொல்லியிருந்தாள். ஆனாலும் கொஞ்ச நாளாக அவள் ஒரே இடத்தை இரண்டு தடவை துடைத்துக்கொண்டிருந்தாள். தரை பளபளத்தது. ஆனால் அவள் கண் தரையில் இல்லை.

சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் டென்னிஸ் ஆடுகிற அம்மாள் நின்றிருந்தாள். கதவுப் பிடியில் மஞ்சள் நிற ரப்பர் பட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதன் நுனியை வலது கையில் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை மட்டும் வெளிப்பக்கமாக இழுத்தாள். மெதுவாக விட்டாள். மறுபடி இழுத்தாள். பயிற்சி கொடுக்கிற இளம் பெண் பக்கத்தில் நின்று, அம்மாளின் தோளை விரலால் தொட்டுத் தொட்டு ஏதோ சொன்னாள். அந்த இளம் பெண்ணை அங்கே எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். சொன்னதில் பாதி காதில் விழுந்தது, மீதியை ஏசியின் இரைச்சல் தின்றுவிட்டது.

ஆனால் ஒரு வார்த்தை மட்டும் முதல் நாளே தெளிவாக விழுந்திருந்தது. இம்பிஞ்ச்மென்ட். பொது ஆஸ்பத்திரி டாக்டர் அவள் புருஷனின் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னதும் அதே வார்த்தைதான். கையைத் தூக்கும்போது தோள் எலும்புக்கு அடியில் தசைநார் சிக்கி நசுங்குகிறது என்று அவர் விளக்கியிருந்தார். டென்னிஸ் அம்மாளுக்கும் தன் வீட்டுக்காரனுக்கும் ஒரே நோய் என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அன்றிலிருந்துதான் இந்த இரட்டைத் துடைப்பு.

பயிற்சி முடிந்ததும் அம்மாள் கக்கத்திலிருந்த டவலை எடுத்துக் கூடையில் போட்டாள். கட்டையாகச் சுருட்டி, பிரியாமலிருக்க நடுவில் ரப்பர் வளையம் மாட்டிய சின்ன டவல். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டுதான் எல்லாரும் இழுப்பார்கள். சாயங்காலம் கூடையைத் தூக்கிப்போய், வளையங்களைக் கழற்றி, டவல்களைத் துவைத்து, மறுநாள் மறுபடி சுருட்டி அலமாரியில் அடுக்குவதும் அவள் வேலை. வேர்வைக்காக வைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். துவைக்கிறவளுக்கு ஒரு டவலில் வேறு என்ன தெரியும்?

அவள் புருஷன் கட்டிடங்களில் சீலிங்குக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். நாள் முழுக்க அண்ணாந்தே வேலை செய்கிறவன் என்பதால் கூட்டாளிகள் அவனுக்கு ஆகாசம் என்று பெயர் வைத்திருந்தார்கள். உண்மையில் அவன் பார்த்ததெல்லாம் கான்கிரீட்தான். சுவர் அடிக்கிறவர்கள் பலர் உண்டு. சீலிங் என்றால் மேஸ்திரி ஆகாசத்தைத்தான் தேடுவார். ஒரே இழுப்பில் ரோலரை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கொண்டுபோவான், கோடு தெரியாது, சொட்டு விழாது.

அந்தக் கை இப்போது தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. தலை சீவ முடியவில்லை. சட்டை போட அவள் வர வேண்டியிருந்தது. ஊசி போட்ட டாக்டர் ஓய்வும் பயிற்சியும் வேண்டும் என்றார். ஓய்வு என்ற வார்த்தையைக் கேட்டதும் ஆகாசம் சிரித்துவிட்டான். பயிற்சிக்கு அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு கட்டிடத்துக்குப் போனார்கள். அங்கே கூட்டத்தைக் காட்டி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மேஸ்திரி அவ்வளவு நாள் பொறுக்கிற நிலையில் இல்லை.

"புதுக் கட்டிடம், மாடி மாடியா சீலிங் கெடக்கு. அடுத்த மாசம் ஆரம்பிச்சிருவேன்," என்று அவர் வீட்டுக்கே வந்து சொன்னார். "உன் எடம் உனக்குத்தான், ஆகாசம். ஆனா கைய தூக்கிக் காட்டணும். இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கறத தவிர வழியில்ல."

மறுநாள் வேலை முடிந்து வரும்போது அவள் பஞ்சர் கடையில் தூக்கிப்போட்ட ஒரு சைக்கிள் டியூபைக் கேட்டு வாங்கி வந்தாள்.

"இது எதுக்கு?"

"உங்க தோளுக்கு. அந்த டென்னிஸ் ஆடுற அம்மாவுக்கும் இதே நோவுதாங்க. இதே பேருதான். இம்சைமெண்டு."

"பேரு சரியாத்தான் வச்சிருக்கான்," என்றான் ஆகாசம். "இம்சைதான்."

ஒரே அறை வீடு அது. அடுப்பு ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம், தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். ஜன்னல் கம்பியில் டியூபைக் கட்டி, மறுநுனியை அவன் கையில் கொடுத்தாள். பார்த்ததையெல்லாம் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"கைமுட்டிய விலாவோட ஒட்டுங்க. கைய மட்டும் வெளிப்பக்கமா விரிங்க. பாத்துப் பாத்து, மெதுவா."

"இத்தன நாளா எல்லாரும் எனக்குக் கைய விரிச்சாங்க. இனிமே நான் விரிக்கறேன்."

"வாயி மட்டும் வலிக்கவே மாட்டேங்குது உங்களுக்கு."

"அதுக்கும் ஒரு டியூப் கட்டிவிடு, டாக்டரம்மா."

அன்றிலிருந்து அவள் அவனுக்கு டாக்டரம்மா. வெட்கமாக இருந்தாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. ஏதோ நினைவு வந்தவளாக, கொடியில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டி அவனிடம் நீட்டினாள்.

"இத கக்கத்துல வச்சுக்கங்க. அங்க எல்லாரும் டவல் வச்சுக்கிட்டுத்தான் செய்யறாங்க."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"எதுக்காம்?"

"வேர்வைக்குப் போல."

"வேர்வைக்குப் பயந்தவன் பெயிண்ட் வேலைக்குப் போவானா? எடுத்து வை அந்தப் பக்கம்."

"சும்மா வச்சுக்கிட்டா என்னங்க?"

"கக்கத்துல துண்ட இடுக்கிக்கிட்டு நிக்கறது எங்கப்பாவோட போகட்டும்," என்றான். குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அவள் மேலே பேசவில்லை.

அவன் அப்பாவும் பெயிண்டர்தான். வீட்டுச் சொந்தக்காரர் வேலையைப் பார்க்க வந்தால் ஏணியிலிருந்து இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி, உடம்பைப் பாதியாகக் குறுக்கிக்கொண்டு நிற்பார். சொந்தக்காரர் போகிறவரை அப்படியே நிற்பார். அதைப் பார்த்து வளர்ந்தவன் ஆகாசம். எஞ்சினியர் வந்தாலும் சரி, கட்டிட முதலாளி வந்தாலும் சரி, அவன் தலைத்துண்டு தலையில்தான் இருக்கும். அதற்காக மேஸ்திரியிடம் திட்டும் வாங்கியிருக்கிறான். இதெல்லாம் தெரிந்தவள் என்பதால் துண்டைத் திரும்பக் கொடியில் போட்டாள். அங்கே அது டவல், இங்கே துண்டு. ஏசி அறை ஆட்களுக்கு வேர்வை ஒரு குறை, நமக்கு என்ன என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் அவள் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. அவன் இழுக்கும்போது முழங்கை விலாவை விட்டு வெளியே பறந்தது. கை முன்பைவிடத் தூரம் விரிகிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜன்னல் சட்டத்தில் ஒரு கரிக்கோடு போட்டாள். மறுவாரம் அவன் கை அந்தக் கோட்டைத் தாண்டியது.

"வலிக்குதும்மா," என்றான் ஒருநாள்.

"வலிச்சாத்தானே வேல செய்யுதுன்னு அர்த்தம்."

அவனும் அதை நம்பினான். வலியில்லாத உடம்போடு வீட்டுக்கு வந்த நாளை வேலை செய்த நாளாக அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். டென்னிஸ் அம்மாள் மஞ்சள் பட்டையை முடித்துச் இன்னும் இறுக்கமான சிவப்புப் பட்டைக்குப் போனதைப் பார்த்த அன்று அவள் டியூபை இரட்டையாக மடித்துக் கட்டினாள். அந்த அம்மாளைவிடப் பின்தங்கிவிடக் கூடாது என்று அவளுக்கு ஒரு வீம்பு வந்துவிட்டிருந்தது.

மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமா என்று பல தடவை தோன்றியது. கேட்டால், நீ ஏன் உள்ளே நின்று வேடிக்கை பார்த்தாய் என்று வரும். வேடிக்கை பார்த்ததற்கு வேலை போனால், இரண்டு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். வாளியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

மேஸ்திரி சொன்ன நாள் அவளுடைய வார விடுமுறை நாளாக அமைந்தது. தானும் வருவேன் என்று கிளம்பினாள். புதுக் கட்டிடத்தில் இன்னும் கதவுகள் மாட்டவில்லை. சுவரில் பூசிய பட்டி உலராத வாசனை. தரையில் புது டைல்ஸ் மேல் பழைய பேப்பர் விரித்திருந்தார்கள். பழைய கூட்டாளிகள் "வாய்யா ஆகாசம்" என்று அவன் முதுகில் தட்டினார்கள். அவள் கட்டிவிட்ட தலைத்துண்டோடு அவன் பலகை மேல் ஏறினான்.

"இந்த ரூம மட்டும் அடிச்சுக் காட்டு, போதும்," என்றார் மேஸ்திரி.

ரோலரைப் பெயிண்டில் உருட்டி, தட்டில் வழித்து, அவன் அண்ணாந்தான். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கினான். ரோலர் சீலிங்கைத் தொட்டது. ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைப் பட்டை அழகாக விழுந்தது, அவள் மூச்சு விட்டாள். இடது கையை எடுத்துவிட்டு அவன் அடுத்த இழுப்புக்குப் போனான். தொண்டைக்குள் ஏதோ சிக்கியது போல ஒரு சத்தம் வந்தது. கை தொப்பென்று விழுந்தது. ரோலர் பலகையில் மோதி உருண்டு, பேப்பரைத் தாண்டிப் புது டைல்ஸில் வெள்ளையாக நீளக் கோடு போட்டது.

அவள்தான் ஓடிப்போய் முந்தானையால் டைல்ஸைத் துடைத்தாள்.

"எக்சர்சைஸ் செய்யறேன் மேஸ்திரி," என்றான் ஆகாசம், தோளைப் பிடித்துக்கொண்டு. "நல்லா விரியுது. வேணும்னா பாருங்க."

"விரிஞ்சு என்னய்யா பண்றது? தூக்கணும்ல?" மேஸ்திரி கெட்டவர் இல்லை. அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "எறங்கு மொதல்ல. எறங்கி உக்காரு."

பொது ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போன தடவ நார் நசுங்கித்தான் இருந்துச்சு. இப்ப கிழிஞ்சிருக்கு. கனமா எதாவது தூக்கினீங்களா?"

"இல்லீங்க. பயிற்சிதான் செஞ்சேன்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆகாசம் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தாங்க, அங்க இங்க பாத்து செஞ்சேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். ஆபரேஷன் செய்தால் தேவலை, வரிசையில் பேர் சேர்க்கிறோம், கூப்பிட்டு அனுப்புவோம் என்றார். எப்போது என்று இவர்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் வழக்கம்போலக் கண்ணாடி அறையைத் துடைக்கப் போனாள். இப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, தலையைக் குனிந்துகொண்டு துடைத்தாள். அன்று ஏசி ரிப்பேர். ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். டென்னிஸ் அம்மாள் பட்டையை இழுத்தபோது டவல் நழுவி, துடைத்த ஈரத்தில் அவள் காலடியில் வந்து விழுந்தது.

"பாத்தீங்களா, விழுந்திருச்சு," என்றாள் மேடம். இரைச்சல் இல்லாத அறையில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. "இது விழுந்தா முட்டி வெளிய போகுதுன்னு அர்த்தம். முட்டி வெளிய போனா நார் இன்னும் நசுங்கும். அப்படிச் செய்யறதுக்குச் செய்யாமலே இருக்கலாம். டவல் விழாம எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவுதான் உங்க அளவு. வலிச்சா அங்கயே நிறுத்திரணும்."

அவள் குனிந்து டவலை எடுத்தாள். நிமிர்ந்தபோது வாய் தானாகத் திறந்தது.

"அது வேர்வைக்கு இல்லீங்களா, மேடம்?"

டென்னிஸ் அம்மாள் சிரித்தாள். மேடமும் சிரித்தாள், ஆனால் கேலியாக இல்லை. "வேர்வைக்கா? இல்லக்கா. முட்டி நகராம பிடிச்சு வைக்கத்தான். ஏன், உங்களுக்கும் தோள்வலியா?"

"வீட்டுக்காரருக்கு."

"அய்யோ, கேட்டிருக்கலாம்ல? ரெண்டு நிமிஷ வேல, நானே காட்டிக் குடுத்திருப்பேனே. இங்கயேதான நானும் இருக்கேன்."

மேடம் நல்ல மனசோடுதான் சொன்னாள். திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அவள் ஈர டவலைக் கையில் வைத்துக்கொண்டு, "சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு வாளியைத் தள்ளினாள். துணி துவைக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எத்தனை டவலைச் சுருட்டியிருப்பாள் இந்தக் கையால். ஒன்றைச் சுருட்டி அவன் கக்கத்தில் வைத்து, சண்டை போட்டாவது இருத்தியிருக்கலாம். ரப்பரை இரட்டையாக மடித்த அந்த வீம்பை நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சாப்பாடு போடும்போது சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆகாசம் இடது கையால் சாப்பிட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ, எங்கப்பாவுக்கு ஏன் கடைசிவரைக்கும் தோள்வலியே வரலன்னு இப்பத்தான் புரியுது," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. அவனும் கொஞ்சம் பொறுத்து, தட்டைப் பார்த்துக்கொண்டு, "நீ குடுத்த. நான்தான் வேணாம்னேன்," என்றான். "அழாத, டாக்டரம்மா."

"அப்படிக் கூப்பிடாதீங்க."

அதன்பிறகு அவன் அப்படிக் கூப்பிடவில்லை.

மேஸ்திரி அவர்களை அடியோடு மறந்துவிடவில்லை. அவர் போன வருடம் வேலை முடித்துக் கொடுத்த ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாசல் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். தன் பேரைச் சொல்லச் சொன்னார். கை விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

அவள் அவனுக்கு வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். முதலில் வலது கையை நுழைத்து, பிறகு இடது. முகம் துடைக்க ஒரு துண்டை மடித்துக் கொடுத்தாள். வெயிலில் நடந்து போனார்கள். கட்டிடத்தின் கீழ்க்கூடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். குளிர்ந்த, வெளிச்சமான கூடம். ஆகாசம் உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தான்.

"இது நான் அடிச்சது," என்றான் மெதுவாக. "பாரு, ஒரு கோடு தெரியுதா?"

தெரியவில்லை. அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர்வரை பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

மேனேஜர் போனில் பேசிக்கொண்டே வந்தார். இவர்களை விட வயதில் ரொம்பச் சின்னவர். ஆகாசம் துண்டை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தடுமாறினான். தலையில் கட்டக் கை எழும்பாது. தோளில் போடவும் எழும்பாது, இடது கையில் அடையாள அட்டைகள் வைத்த பை இருந்தது. அவள் கையை நீட்டினாள், அவன் கவனிக்கவில்லை. துண்டை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

மேனேஜர் பேச்சை முடிக்கவில்லை. அவன் அப்படியே நின்றான். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. முன்கை மட்டும் முன்னால் நீட்டியிருந்தது. மேடம் பார்த்திருந்தால் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருப்பாள். அவன் பக்கத்தில் நின்றிருந்தவளுக்கு வேறெங்காவது பார்க்க வேண்டும் போலிருந்தது.

"மேஸ்திரி ஆளா?" மேனேஜர் போனைச் சட்டைப்பையில் போட்டார். "உடம்புல நோவு கீவு ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க, ஐயா."

"வேல ஒண்ணும் கஷ்டமில்ல. கேட்டத் தொறக்கணும், மூடணும். இங்க இருக்கறவங்க கார்ல உள்ள வரும்போதும் வெளிய போகும்போதும் ஒரு சல்யூட் வைக்கணும். அதுல மட்டும் குறை வரக் கூடாது, உடனே எனக்கு போன் பண்ணிருவாங்க. எங்க, ஒண்ணு வச்சுக் காட்டுங்க."

ஆகாசம் வலது முன்கையை மேலே மடக்கினான். விரல்கள் மோவாய்க்குக் கீழே வந்து நின்றுவிட்டன. முழங்கையைக் கொஞ்சம் விலக்கினால் இன்னும் மேலே போகுமா என்று அவன் முயற்சி செய்வது அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது. போகவில்லை. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகாசம் முதுகை வளைத்து, தலையைக் குனிந்து, நெற்றியைக் கையருகே கொண்டுபோனான்.

"அவ்வளவு குனிய வேணாம்," என்றார் மேனேஜர், திருப்தியோடு. "இருந்தாலும் பரவால்ல. நாளைக்கே வந்துருங்க."

ஆகாசம் இன்னும் நிமிரவில்லை. கக்கத்துத் துண்டு விழாமல் அப்படியே இருந்தது.